கண்ணாடியிழைக் குழாயில் விரிசலும் இணைப்புக் கசிவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைத் தொட்டிருந்தன. எஃப்ஆர்பி என்றும் ஜிஆர்பி என்றும் பணியிடங்களில் வழங்கும் கண்ணாடியிழைக் குழாயில் விரிசல் விழுந்தால், அல்லது இணைப்பில் நீர் கசிந்தால், அதை எப்படிச் சரிசெய்வது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். இரும்புக் குழாய்க்கு வெல்டிங், பிவிசி குழாய்க்குப் பசை என்று பழகிய கைகளுக்கு இந்தக் குழாய் சற்றுப் புதிராகவே இருக்கிறது. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் நீரேற்று நிலையத்தில் 300 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடியிழைக் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விழுந்தது. தண்ணீரை நிறுத்தி, நன்றாகத் துடைத்துவிட்டு, கண்ணாடியிழை விரிப்பான மேட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் பிசினான ரெசினும் வைத்து நான்கு சுற்றுச் சுற்றினோம். கல் போல இறுகியது. மூன்றாம் நாள் தண்ணீர் விட்டதும் ஒட்டின் ஓரத்தில் கசியத் தொடங்கி, ஒரு வாரத்தில் ஒட்டு முழுவதும் கழன்றுவிட்டது. வாங்கிய ரெசின் தரம் குறைந்ததா?

பதில்: ரெசினைக் குறை சொல்வதற்கு முன், கழன்று வந்த ஒட்டைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என் கையால் போட்ட ஒட்டு ஒன்று இதே போலக் கழன்றது. திருப்பிப் பார்த்தபோது அதன் அடிப்பக்கம் பளபளவென்று மின்னியது. குழாயின் மேல் அச்சிட்டிருந்த விட்டமும் அழுத்தமும் குறிக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றும் இடம் வலம் மாறி அதில் தெளிவாகப் பதிந்திருந்தன. ரெசின் நன்றாகவே இறுகியிருந்தது. ஆனால் அது குழாயைப் பற்றிக்கொள்ளவில்லை, குழாயின் மேற்பரப்பை அச்சு மட்டும் எடுத்திருந்தது. உங்கள் ஒட்டின் அடிப்பக்கமும் மினுமினுப்பாக இருந்தால் காரணம் அதுவே.

தொழிற்சாலையில் குழாயைச் சுற்றும்போது ஒவ்வோர் அடுக்கும், அதற்கு முந்தைய அடுக்கு முழுவதும் இறுகுவதற்குள் விழுந்துவிடுவதால், எல்லா அடுக்குகளும் வேதியியல் முறையில் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே உடலாகின்றன. பல மாதங்களுக்கு முன்பே இறுகிப்போன குழாயின் மேல் நாம் போடும் ஒட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. போதாக்குறைக்கு, பாலியெஸ்டர் அல்லது வினைல் எஸ்டர் ரெசினால் ஆன குழாயின் கடைசிப் பூச்சில் மெழுகும் கலந்திருக்கும். காற்றுப் பட்டால் பிசுபிசுப்பு மாறாமல் நின்றுவிடும் ரெசினை மேலே மிதந்து மூடி இறுக வைப்பதற்காகச் சேர்க்கப்படும் அந்த மெழுகே, பின்னால் போடும் ஒட்டுக்குப் பகையாகிறது. எனவே பழைய பரப்பைக் கிரைண்டரில் 40-ஆம் எண் போன்ற முரட்டு எமரி வட்டு போட்டு, மினுமினுப்பு ஓர் இடத்திலும் எஞ்சாமல், கண்ணாடியிழையின் நுனிகள் தெரியும் வரை உரசியாக வேண்டும். அசிட்டோனால் துடைப்பதாக இருந்தால் உரசுவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே உரசினால் அந்தப் பிசுக்கு இழைகளுக்குள் தேய்ந்து ஏறிவிடும். உரசிய பிறகு தூசியைத் தூரிகையால் அகற்றினால் போதும். உரசிய பரப்பைக் கையால் தொடாமல், முடிந்தால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் அடுக்கைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது ஈரம். துடைத்த குழாய் உலர்ந்த குழாய் ஆகாது. விரிசலுக்குள் நுழைந்த நீர் இழைகளின் ஓரமாகத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி, விரிசலைத் தாண்டியும் போயிருக்கும். வெளியே உலர்ந்தது போலத் தோன்றும் இடத்தில் வெந்நீர்ப் பை அளவுக்குச் சூடு காட்டினால் சிறிது நேரத்தில் மறுபடியும் நனைவதைக் காணலாம். சூடான காற்றை மெதுவாகவும் நெடுநேரமும் செலுத்தி, மீண்டும் மீண்டும் பார்த்து, ஈரம் திரும்ப வராது என்று உறுதியான பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். குழாய்ப் பரப்பின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கட்டும். அதிகாலைக் குளிரில் போட்ட ஒட்டுகள் கழன்று வருவதை அடிக்கடி பார்ப்பதற்குக் காரணம் இந்தப் பனிப் படிவுதான்.

ஒட்டின் அகலத்தையும் கண்ணளவில் முடிவு செய்யக் கூடாது. 300 மி.மீ. குழாயில் 10 பார் அழுத்தம், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன் இருக்கிறது என்று கொள்வோம். குழாயை நீளவாக்கில் இழுக்கும் விசை, சுற்றளவின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 75 நியூட்டன். ஒட்டுக்கும் குழாய்க்கும் இடையிலான பிடிப்பு, தாராளமான பாதுகாப்பு இடைவெளியை விட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 0.7 நியூட்டன் மட்டுமே தாங்கும் என்று வைத்துக்கொண்டால், விரிசலின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 107 மி.மீ. அகலத்துக்கு ஒட்டு பற்றியிருக்க வேண்டும். அதே அழுத்தத்தில் குழாய் 600 மி.மீ. ஆனால் இந்த அகலமும் இரட்டிப்பாகிவிடும். குழாய்த் தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இரண்டு விரல் அகலத்தில் பட்டை சுற்றிவிட்டு அது நிற்கும் என்று நம்பாதீர்கள்.

விரிசலை அப்படியே மூடாமல், சேதமான பகுதி முழுவதையும் உரசி எடுத்து, ஓரங்களை 1:6 என்ற சரிவில் சாய்த்து, நல்ல பொருளை எட்டிய பின் அடுக்குகளைப் போடுங்கள். குழியை ரெசின் பட்டியால் நிரப்பிய பிறகு முதலில் குறுகிய மேட், அதன் மேல் அகலமானது, அதற்கு மேல் இன்னும் அகலமானது என்று படிப்படியாக அகலப்படுத்த வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டின் ஓர் அடுக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிலோ ரெசினைக் குடித்து, இறுகிய பின் ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பைத் தரும். 600 கிராம் எடையுள்ள, இழைக்கற்றைகளால் நெய்த துணியான ரோவிங்கை மேட் அடுக்குகளுக்கு இடையில் வைத்தால் இழுவிசை தாங்கும் வலிமை கூடும்.

ரெசின் தடவியதும் வெள்ளையாக இருக்கும் மேட் மெல்ல மெல்ல ஒளி புகும்படி மாறும். அந்த மாற்றம் முழுமையாகும் வரை காத்திருந்து, பிறகே வரிவரியான உலோக ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். உருட்டும்போது சிறிய காற்றுக் குமிழ்கள் சடசடவென்று வெடிப்பது காதில் விழும். அந்தச் சத்தம் அடங்கினால் அடுக்கு படிந்துவிட்டது என்று பொருள். வெண்புள்ளிகள் தங்கினால் அங்கே ரெசின் போய்ச் சேரவில்லை. ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குகளுக்கு மேல் ஏற்றாதீர்கள், ஏனெனில் இறுகும்போது எழும் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே விரிசலையும் பிளவையும் உண்டாக்கிவிடும்.

கேள்வி: எங்கள் ஆலையில் அமிலக் கழிவுநீர் செல்லும் குழாயின் மேல் பராமரிப்பு வேலையின்போது இரும்பு ஸ்பேனர் ஒன்று விழுந்தது. வெளியே நகத்தளவில் ஒரு வெள்ளைத் தடம் மட்டுமே தெரிந்ததால் விட்டுவிட்டோம். சில மாதங்கள் கழித்து அங்கிருந்து சற்றுத் தள்ளி வியர்வை போல ஈரம் காண்கிறது. வெளியே ஒரு சுற்றுச் சுற்றினால் போதுமா?

பதில்: போதாது. இரும்பைப் போல நசுங்கித் தன் காயத்தைக் காட்டும் இயல்பு கண்ணாடியிழைக்கு இல்லை. அடி விழுந்ததும் சுவர் உள்பக்கம் வளைந்து, உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வளைந்த அந்தக் கணத்தில் உட்புறம் இழுபட்டு, நட்சத்திரம் போல நாலாபுறமும் கோடு பிரியும் விரிசல் விழும். வெளியே நகத்தளவு தடம் இருந்தால் உள்ளே உள்ளங்கையளவு விரிசல் இருப்பது வியப்பில்லை.

குழாயின் உட்புறத்தில் ரெசின் மிகுந்த, இழை குறைந்த ஒரு காப்பு அடுக்கு உண்டு. அமிலக் குழாய்களில் மெல்லிய இழைத்தாளான சர்ஃபேஸ் டிஷ்யூவும் அதற்குப் பின்னால் மேட்டும் சேர்ந்து அது 2.5 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். அழுத்தத்தைத் தாங்குவது அதற்கு வெளியே சுற்றியிருக்கும் இழை அடுக்கு. (உள்ளழுத்தம் குழாயைச் சுற்றளவு வாக்கில் இழுக்கும் விசை நீளவாக்கில் இழுப்பதைப் போல இரு மடங்கு, அதற்குப் பொருந்தும் இழைக் கோணம் 54.7 டிகிரி என்று கணக்கு சொல்கிறது. பல குழாய்களில் இழைகள் அந்தச் சாய்வில் ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம்.) காப்பு அடுக்கில் விரிசல் விழுந்துவிட்டால் அமிலம் நேராக இழைகளை எட்டி, சாதாரண மின்தரக் கண்ணாடியான ஈ-கிளாஸை அரித்து, இழுவிசையில் இருக்கும் இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கும். இழையோரமாகவே திரவம் பயணம் செய்வதால்தான் அடிபட்ட இடத்தில் தோன்றாமல் தள்ளி ஈரம் தெரிகிறது. வெளியே சுற்றும் ஒட்டு ஈரத்தைச் சில காலம் மறைக்கும். அதன் அடியில் அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் உடையும்.

ஆள் நுழையக்கூடிய விட்டமாக இருந்தால், மூடிய இடத்துக்கான காற்றோட்டமும் காவலும் ஏற்பாடு செய்து, உள்ளேயிருந்து காப்பு அடுக்கை உரசி எடுத்துப் புதிதாக அமைக்கலாம். நுழைய முடியாத குழாயில் சேதமான துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே ரெசினால் ஆன புதுத் துண்டை வைத்து இரு முனைகளிலும் சுற்றி இணைப்பதே நேர்மையான பழுதுபார்ப்பு. எவ்வளவு தூரம் வெட்டுவது என்று அறிய, ஒரு நாணயத்தால் குழாயைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடம் மொத்தென்று ஒலிக்கும். ஒலி தெளிந்த இடத்தையும் தாண்டி ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வெட்டிய முகங்களில் இழைநுனிகள் திறந்து கிடக்கும். அவற்றை ரெசின் பூசி மூடாமல் இணைத்தால் அமிலம் அந்த வழியாகவே உள்ளே புகும். அவசர வேலையில் பெரும்பாலும் தவறவிடப்படுவது இந்தப் பூச்சுதான்.

வெறும் தண்ணீர் செல்லும் குழாயாக இருந்திருந்தால், முறையாக உரசி, போதிய தடிப்பில் வெளிச்சுற்றுப் போடுவதை நானும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

கேள்வி: எந்தக் குழாய்க்கு எந்த ரெசின் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சீக்கிரம் இறுக வேண்டுமானால் ஹார்டனரைக் கூட்டலாமா?

பதில்: குழாயின் மேல் உள்ள குறியீடோ கொள்முதல் ஆவணமோ ரெசினைச் சொல்லும். பாலியெஸ்டர் குழாய்க்கு பாலியெஸ்டரோ வினைல் எஸ்டரோ, வினைல் எஸ்டர் குழாய்க்கு வினைல் எஸ்டர், எபாக்சி குழாய்க்கு எபாக்சி என்பதே பாதுகாப்பான வழி. இறுகிய பாலியெஸ்டரின் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். இறுகிய எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. இது தெரியாமல், கைவசம் இருக்கிறதே என்று எபாக்சிக் குழாயில் பாலியெஸ்டர் ஒட்டுப் போட்டுவிட்டு உரசியது போதவில்லையோ என்று குழம்புபவர்கள் பலர். மேட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. வெட்டிய இழைகளால் ஆன மேட்டை ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பொருள் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரினில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எபாக்சியில் ஸ்டைரின் இல்லாததால் அந்த மேட் குழைந்து படியாமல் விறைத்து நிற்கும். எபாக்சி வேலைக்கு நெய்த இழைநாடாவோ தையல் மேட்டோ வாங்குங்கள்.

ஹார்டனர் பற்றிய கேள்விக்கு இரண்டு ரெசினுக்கும் இரண்டு பதில். எபாக்சியின் ஹார்டனர், ரெசின் மூலக்கூறுகளோடு நேராகச் சேர்ந்து புதுப் பொருளின் ஓர் அங்கமாகவே ஆகிவிடுகிறது. டப்பாவில் குறித்த விகிதத்துக்கு மேல் ஊற்றினால் சேர இடமில்லாத மீதி ஹார்டனர் உள்ளேயே தங்கி, ஒட்டு மென்மையாகவே நின்றுவிடும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், தராசில் நிறுத்துக் கலக்குங்கள். பாலியெஸ்டருக்கும் வினைல் எஸ்டருக்கும் பயன்படும் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு வினையைத் தொடங்கி வைக்கும் பொருள் மட்டுமே. வழக்கமாக 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை, அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ப அதைக் கூட்டிக் குறைக்கலாம். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பதை மனத்தில் வைத்து, எப்போதும் ஒரு சிறு கோப்பையில் முன்சோதனை செய்து நேரம் பார்த்த பின்பே பெரிய கலவையைக் கலக்குங்கள். கலந்த மீதியை வாளியில் மொத்தமாக விட்டுவைத்தால் அது தானாகவே சூடேறிப் புகைந்து தீப்பற்றவும் கூடும். தகட்டில் மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பெராக்சைடையும், வினையை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீயும் வெடிப்பும் நேரும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுமையாகக் கலக்கி, அதன் பிறகே பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைப் பயன்படுத்துவதுகூட ஆபத்து. பெராக்சைடின் ஒரு துளி கண்ணில் பட்டாலே பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் எவரையும் அந்தப் பாட்டிலைத் திறக்க விடாதீர்கள். பட்டுவிட்டால் அந்த நொடியே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஸ்டைரின் ஆவி சுமார் 31 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கக் கூடியது என்பதால், அடுக்குகள் போடும் லேமினேஷன் வேலை நடக்கும் இடத்தில் வெல்டிங்கும் கிரைண்டர் பொறியும் கூடாது.

கேள்வி: பம்ப் அருகே, குழாய் முனைகளின் விளிம்பு வட்டுகளைப் போல்ட்டால் இணைக்கும் ஃபிளேஞ்ச் இணைப்பு சொட்டிக்கொண்டிருந்தது. போல்ட்டுகளை இறுக்கினோம், நின்றது. மீண்டும் சொட்டியது, மீண்டும் இறுக்கினோம். இப்போது ஃபிளேஞ்சின் கழுத்தில் மயிரிழை போன்ற விரிசல் தெரிகிறது. அதன் மேல் ரெசின் பூசலாமா?

பதில்: பூசாதீர்கள். அந்த ஃபிளேஞ்சை மாற்றியாக வேண்டும். போல்ட்டுகளை இறுக்கும்போது ஏற்பட்ட வளைவுதான் கழுத்தை விரித்திருக்கிறது. மேலே பூசுவது அந்த வளைவைத் தாங்காது, பம்ப் அருகிலோ அதிர்வும் அதிகம்.

இந்த விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். பம்பின் இரும்பு ஃபிளேஞ்ச் நடுவில் சற்று மேடான முகம் கொண்டதா என்று பாருங்கள். அந்த மேட்டின் மேல் தட்டையான கண்ணாடியிழை ஃபிளேஞ்சை வைத்து இறுக்கினால், மேடு மட்டுமே தொட்டுக்கொண்டிருக்க, போல்ட்டு வட்டத்தில் இடைவெளி நிற்கும். ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் வெளி விளிம்பு முன்னால் வளைந்து, கழுத்தில் பிளக்கும். இரும்பு இந்த வளைவைப் பொறுத்துக்கொள்ளும், கண்ணாடியிழை பொறுக்காது. மேடான பகுதியைச் சுற்றிலும் அதே தடிப்புள்ள வளையம் வைத்து முகத்தைச் சமமாக்குங்கள், அல்லது எதிர் ஃபிளேஞ்சைத் தட்டையாகக் கடைந்து எடுங்கள். இரு முகங்களுக்கும் இடையில் வைக்கும் கேஸ்கெட், போல்ட்டுத் துளைகளையும் உள்ளடக்கி விளிம்பு வரை பரவிய முழுமுகக் கேஸ்கெட்டாக, சுமார் 3 மி.மீ. தடிப்பில், ஷோர் ஏ அளவையில் 60 அளவு கடினமுள்ள ரப்பராக இருக்கட்டும். இரும்புக் குழாய்க்குரிய கடினமான கேஸ்கெட்டை அடைக்கத் தேவைப்படும் இறுக்கத்தை இந்த ஃபிளேஞ்சிடம் கேட்கவே கூடாது.

ஒவ்வொரு போல்ட்டுத் தலைக்கும் நட்டுக்கும் அடியில் வாஷர் வையுங்கள். முதலில் கையால் திருகி, பிறகு முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி, குறித்த அளவின் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் இரண்டு, பிறகு முழு அளவு என்று ஏற்றுங்கள். அந்த முழு அளவு குழாயின் விட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்பத் தயாரிப்பாளர் தந்த எண்ணாக இருக்க வேண்டும். ரப்பர் அமுங்குவதால் ஒரு நாள் கழித்து மறுபடியும் அதே அளவுக்குச் சரிபாருங்கள். அதன் பிறகும் சொட்டினால் இறுக்குவதை நிறுத்திவிட்டு, அழுத்தத்தை இறக்கி, இணைப்பைத் திறந்து பாருங்கள். முகங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் போல்ட்டால் இழுத்துப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது குழாயின் எடையைத் தாங்கும் தாங்கி விலகியிருக்கலாம். பம்பின் அதிர்வு குழாய்க்கு வராதபடி இடையில் ரப்பர் பெல்லோஸ் இருக்கிறதா என்பதையும், வால்வின் எடை குழாயின் மேல் தொங்குகிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

கேள்வி: மண்ணில் புதைத்த 600 மி.மீ. குழாயில் ரப்பர் வளையம் போட்ட இணைப்பு கசிகிறது. வளையத்தை மாற்றியும் ஓராண்டுக்குள் அதே இடத்தில் கசிந்தது.

பதில்: அதே இடத்தில் இரண்டாம் முறையும் கசிந்தது என்றால் குற்றம் வளையத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. ரப்பர் வளைய இணைப்பு நீரை அடைக்குமே தவிரக் குழாயை இழுத்துப் பிடிக்காது. அருகில் வளைவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 300 மி.மீ. குழாயிலேயே 10 பார் அழுத்தத்தில் 90 டிகிரி வளைவு ஒன்றை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 10 டன், 600 மி.மீ. குழாயில் அது நான்கு மடங்காகி 40 டன்னாகிறது. அந்தத் தள்ளுதலை வாங்கிக்கொள்ளக் கான்கிரீட் கட்டை ஒன்று, அசையாத மண்ணில் முதுகு சாய்த்து நிற்க வேண்டும். கட்டைக்குப் பின்னால் தளர்ந்த மண்ணை நிரப்பியிருந்தால், பம்ப் ஓடும்போதும் நிற்கும்போதும் கட்டை நகர்ந்து, இணைப்பு மெல்ல மெல்லத் திறந்துகொள்ளும்.

கட்டை சரியாக இருந்தால், இணைப்பின் இரு பக்கமும் குழாய் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். சிறிய விட்டங்களில் 3 டிகிரி வரை திருப்பத்தை இணைப்பு பொறுக்கும். விட்டம் கூடக் கூட அந்த அளவு 1 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு துண்டு புதைந்து தாழ்ந்தாலே இந்த எல்லை கடந்துவிடும். குழாய் நசுங்கி முட்டை வடிவம் ஆகியிருக்கிறதா என்பதையும் உள்விட்டத்தைச் செங்குத்தாக அளந்து கண்டறியலாம். நீண்ட காலத்துக்கு 5 சதவீதம் என்பது வழக்கமான உச்சவரம்பு; உங்கள் குழாய்க்கு அது 30 மி.மீ. இதைத் தாண்டியிருந்தால், குழாயின் அடிப்பகுதியில் இரு பக்கமும் மண் சரியாக இடிக்கப்படவில்லை என்பது உறுதி. அதைத் தோண்டிச் சரிசெய்யாமல் எத்தனை வளையம் மாற்றினாலும் பயனில்லை.

குழாய் முனையில் கீறலோ உடைவோ இருந்தால் அந்தத் துண்டை வெட்டி நீக்கி, முனைகளைச் சரிவாகத் தேய்த்து ரெசினால் மூடி, குழாயின் மேல் நகர்த்தக்கூடிய, நடுத்தடுப்பு இல்லாத உறைகளான இரண்டு பழுதுபார்ப்புக் காலர்களைக் கொண்டு புதுத் துண்டைச் சேர்க்கலாம். காலரைக் குழாயின் மேல் முழுவதும் தள்ளி வைத்து, புதுத் துண்டைப் பொருத்திய பின் முன்பே குறித்த கோடு வரை திரும்ப இழுப்பதே முறை. வளையத்துக்கு எண்ணெயும் கிரீஸும் தடவாதீர்கள், அவற்றால் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர் ஊதிக் கெடும். சோப்பு வகை மசகையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒரு குழாயின் முனையை இன்னொன்றின் வாய்க்குள் நுழைத்து எபாக்சிப் பசையால் ஒட்டிய சாக்கெட் இணைப்பு ஒன்று துளித்துளியாகக் கசிகிறது. லைனை நிறுத்தாமல் வெளியே பசை பூசி அடைக்க முடியுமா?

பதில்: முடியாது. உள்ளிருந்து அழுத்தம் தள்ளும்போது வெளியே பூசும் எந்தப் பசைக்கும், இறுகுவதற்கு முன்பே நீர் தனக்கொரு வழியைத் துளைத்துவிடும். தற்காலிகமாகச் சில நாள் ஓட்டியே ஆக வேண்டும் என்றால், ரப்பர் பட்டையுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பை அளவான இறுக்கத்தில் மாட்டி, அழுத்தத்தையும் குறைத்து, நிறுத்தும் நாளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கசிந்த பசை இணைப்புக்குள் மீண்டும் பசையைச் செலுத்திச் சரிசெய்ய இயலாது. இணைப்பை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதே தீர்வு. புதிதாக ஒட்டும்போது இரு முகங்களையும் அன்றே சீவி, அன்றே பசையிட்டு, இறுகும் வரை குழாயை ஒரு நூலளவும் அசைய விடாமல் கட்டிவையுங்கள். குளிர் நாளில் சூட்டுப் போர்வை சுற்றாமல் விட்ட பசையும், இறுகுவதற்கு முன் யாரோ தெரியாமல் சாய்ந்துவிட்ட குழாயும்தான் இத்தகைய கசிவுகளுக்குப் பெரும்பாலும் காரணமாகின்றன.

கேள்வி: பழுதுபார்த்த பிறகு எப்போது தண்ணீர் விடலாம்? ஒட்டு நன்றாக இறுகிவிட்டது என்று எப்படி அறிவது?

பதில்: கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தொட்டால் கல் போலத் தோன்றும் ஒட்டு உள்ளே பாதி வினையில் நிற்கலாம். பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் ஒட்டுகளுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சிறு பகுதியில் மெழுகுப் பூச்சை எமரித் தாளால் நீக்கிவிட்டு, அங்கே சில துளி அசிட்டோன் விட்டு, அது ஆவியாகும் வரை விரலுறை அணிந்து தேய்த்துப் பாருங்கள். பரப்பு பிசுபிசுத்தால் இறுகுதல் முழுமையாகவில்லை. துல்லியமாக அறிய பார்க்கால் கடினமானி இருக்கிறது. ரெசின் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவில் 90 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது நடைமுறை. ஒரே இடத்தில் அழுத்திப் பார்த்து நிறுத்தாமல் பத்து இடங்களில் எடுத்து, மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் விட்டுச் சராசரி பாருங்கள். 25 டிகிரி அளவிலான வெப்பநிலையில் ஒரு முழு நாளாவது காத்திருங்கள். இரசாயனம் செல்லும் குழாயானால் அதன் பிறகு சூடான காற்றால் சில மணி நேரம் பதப்படுத்துவது ஆயுளைக் கூட்டும்.

சோதனையை எப்போதும் தண்ணீரால் மட்டுமே செய்யுங்கள். காற்றை அழுத்தி நிரப்பிச் சோதித்தால், ஒட்டு விட்டுப்போகும் கணத்தில் அடக்கிவைத்த சக்தி முழுவதும் ஒரே வெடிப்பாக வெளியேறி, அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்தாகும். தாழ்வான முனையிலிருந்து மெதுவாக நிரப்பி, மேடான இடங்களில் உள்ள காற்று வால்வுகள் வழியாகக் காற்று முழுவதும் வெளியேறிய பின், அழுத்தத்தைப் படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் சற்று நிறுத்தி, வேலையழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை உயர்த்துங்கள். அழுத்தம் ஏறும்போது எவரும் இணைப்பின் எதிரே நிற்க வேண்டாம்.

ஒட்டின் இரு ஓரங்களையும் சுற்றி உலர்ந்த தாளை ஒரு சுற்று ஒட்டிவைப்பது என் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தாளில் கறையாக உடனே காட்டிவிடும். அழுத்தம் முழு அளவில் நின்ற பிறகு, பாதுகாப்பான தூரத்திலிருந்து முதலில் அந்தத் தாளைப் பாருங்கள். கறை இல்லையென்றால் அழுத்தத்தை இறக்கி, நாணயத்தால் ஒருமுறை தட்டிக் கேட்டு, வெயில் படும் இடமானால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை அடித்து, பழுதுபார்த்த தேதியையும் ரெசினின் பெயரையும் அடுக்குகளின் எண்ணிக்கையையும் அழியாத மையால் ஒட்டின் மேலேயே எழுதிவையுங்கள். பத்தாண்டு கழித்து அந்த இடத்தில் கிரைண்டரை வைக்கப்போகிறவர், எந்த ரெசினைக் கலக்க வேண்டும் என்பதை அந்த எழுத்தைப் பார்த்தே அறிந்துகொள்வார்.